ஆட்கள் இருந்த நிசப்தம்: ‘நடுமுற்றம்’ படத்தின் ஒலிப்பதிவு பற்றி

அச்சுதன்குட்டி தமது முதல் படத்தை எடுக்க எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது, நான் அங்கே ஒலிப்பதிவுப் பகுதியின் தலைவனாக இருந்தேன். பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். சென்னையில் தொழில் பயின்றவன். மலையாளத்திலும் தமிழிலுமாக நான் ஒலிப்பதிவு செய்த படங்களில் ஒன்றைப் பற்றிக்கூட, வசனம் விளங்கவில்லை என்று எந்தக் கொட்டகையிலிருந்தும் புகார் வந்ததில்லை. என் அறையின் கண்ணாடிக்கு மேலே பச்சை விளக்கு எரியாமல் ஒரு ஷாட் முடிந்துவிட்டதாகக் கொள்ளும் துணிவு அந்நாளில் இவ்வூரில் படம் எடுத்த எந்த இயக்குநருக்கும் இருந்ததில்லை. இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டியதில்லை. பின்னால் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு வார்த்தைக்கு என்ன விலை இருந்தது என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அண்மையில் இவ்வூர் ரசிகர்கள் சிலர், இயக்குநர்களின் முதல் படங்களாகவே தேர்ந்தெடுத்துச் சில நாட்கள் திரையிட்டார்கள். அவற்றுள் ‘நடுமுற்றம்’ ஒன்று. என்னை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், பேச அழைக்கவில்லை. பேசியவர் நன்கு படித்த இளைஞர். உலகத்தின் சிறந்த முதல் படங்கள் பலவற்றை அறிமுகப்படுத்திவிட்டு, நமது படத்துக்கு வந்ததும், அதன் புகழ்பெற்ற கோர்ட்டுக் காட்சியின் மௌனம் ஒலிக்கருவி பழுதானதால் நேர்ந்த நல்ல விபத்து என்றார். அரங்கம் சிரித்துக் கைதட்டியது. மறுநாள், இப்போது ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் இரண்டு இளைஞர்கள் வலியசாலையில் என் வீட்டுக்கு வந்து, “சார், அன்னைக்கு மெஷின்ல என்ன கம்ப்ளைண்ட்?” என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அது சுருக்கமான பதில். விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் உபாத்தியாயர் வேலைக்கு வாய்ப்பிருந்தும் சினிமாவுக்குப் போனதில் என் தகப்பனாருக்கு வருத்தம். “பௌதிகம் படிச்சுட்டு, கூத்தாடிகள் தொண்டையை அளந்துண்டிருக்கான்” என்று கிழக்கேகோட்டையில் கண்டவரிடமெல்லாம் சொன்னார். சென்னையில் எனக்குத் தொழில் கற்பித்த தலைமைப் பொறியாளர் கடுமையான மனிதர். கருவியைப் பற்றி ஆயிரம் விஷயம் சொல்லித் தந்தார்; நடத்தையைப் பற்றி ஒன்றே ஒன்று. காதில் விழுந்ததை மட்டும் சொல்ல வேண்டும்; எவன் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடாது. ஒலிப்பதிவாளன் அறையில் கண்ணாடி வைத்திருப்பது நடிகரின் உதட்டைப் பார்க்கத்தான், முதலாளியின் முகத்தைப் பார்க்க அல்ல என்பார்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, கேரளம் இன்னும் பிறவாத காலம் அது. ஊருக்கு வெளியே தென்னந்தோப்பின் நடுவே தகரக் கூரையின்கீழ் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. ஷாட் தொடங்குமுன் நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். வாசலில் சிவப்பு விளக்கு எரியும். நீளமாக மணி அடிக்கும். உதவி இயக்குநர் “சைலன்ஸ்” என்று கத்துவார். உடனே வெளியே சங்கரன் என்ற ஆள் மூங்கில் கழியோடு ஓடி, கூரைமேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகளை விரட்டுவான். அவனுக்கு அதுதான் உத்தியோகம். காக்கை ஓய்ந்த பிறகு கருவி ஓடும். ஷாட் முடிந்ததும் தளத்தில் உள்ளவர் அனைவரும் அண்ணாந்து என் கண்ணாடியைப் பார்ப்பார்கள். பச்சை எரிந்தால் அடுத்த ஷாட். சிவப்பு எரிந்தால் மறுபடியும் அதே ஷாட். வேற்றுச் சத்தம் ஏதேனும் கலந்திருந்தால் என்.ஜி., அதாவது கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நானே.

முதல் படம் எடுக்க வந்தவர்கள் பலரை நான் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் தமக்குப் பிடித்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுத்துவிடப் பார்ப்பார்கள். சிலர் ஒன்றும் தெரியாததை மறைக்க உரக்கக் கத்துவார்கள். ஒருவர் ‘ஆக்‌ஷன்’ சொல்ல மறந்து, நடிகர் நின்றபடியே இருக்க, ‘கட், பிரமாதம்’ என்றார். முதல் படத்திலேயே தமக்கு என்ன வேண்டும் என்பதும், அது ஏன் வேண்டும் என்பதும் தெரிந்து வந்தவர் என் அனுபவத்தில் ஒருவரே.

அச்சுதன்குட்டி வித்துராப் பக்கத்துக்காரர். சட்டம் படித்து, இவ்வூர்க் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தவர். ஒல்லியான உருவம், எப்போதும் சலவை செய்த வெள்ளைச் சட்டை. படப்பிடிப்புக்கு முன்பே வந்து, என் அறையில் ஓரமாக உட்கார அனுமதி கேட்டார். வேறொரு படத்தின் வேலையை நாள் முழுதும் பார்த்தார். கேட்ட கேள்விகள் கொஞ்சம். எல்லாம் சரியான கேள்விகள். இவ்வூர் மலையாளிகள் தமிழ்ப் பிராமணரான எங்களை அழைக்கும் வழக்கப்படி என்னை ‘ஸ்வாமி’ என்பார். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். இங்கே தமிழில் தருகிறேன்.

கதை அவருடையது. ஒரு நாயர் தறவாடு, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் வீடு. பாகம் பிரிக்க வேண்டும் என்று தம்பிமாரும் சகோதரி பிள்ளைகளான மருமக்களும் வழக்குப் போடுகிறார்கள். வீட்டின் மூத்தவளான கல்யாணியம்மைக்கு நிலம் வேண்டாம், நகை வேண்டாம். வீட்டின் நடுமுற்றத்தில் சுவர் வராமல் இருந்தால் போதும். கோர்ட்டு சுவர் எழுப்பச் சொல்லித் தீர்ப்பளிக்கிறது. படம் அங்கே உச்சம் பெறுகிறது.

கல்யாணியம்மையாக நடித்தவர் பங்கஜாட்சியம்மாள். நாடக மேடையில் பெரிய பெயர். கண்ணீர் அவர் கேட்டபோது வரும். மைதானத்தின் கடைசியில் நிற்பவனும் கேட்கும்படி விம்முவார். தயாரிப்பாளர் அவரை அமர்த்தியதே அதற்காகத்தான்.

தயாரிப்பாளர் பெருமாள் பிள்ளை நாஞ்சில் நாட்டவர். சாலைக் கடைத்தெருவில் தேங்காய் மொத்த வியாபாரி. அந்தப் படத்தின் மட்டில் எனக்கு மேலதிகாரி அவரே என்பதால் அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். யார் முன்னும் நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார். படம் போட்டுப் பார்க்கும்போதுகூட அறையின் பின்சுவரை ஒட்டி நின்றுதான் பார்ப்பார்; கடையில் நின்று பழகிய கால்கள் என்பார். முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து, தலையைச் சாய்த்து, ஒரே ஒரு முறை ஆட்டுவார். உள்ளே எவ்வளவு நீர், பருப்பு எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார். இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்பதைச் சொல்லத் தயங்கவும் மாட்டார். வேண்டாத செய்தியைக் கேட்க நேர்ந்தால், “அப்படியா, சரி” என்று வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார். அந்தச் செல்லம் திறந்தால் எதிரே இருப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

கோர்ட்டுக் காட்சியை அச்சுதன்குட்டி எனக்கு முதலில் விவரித்தது என் அறையில். நீதிபதி தீர்ப்பின் கடைசி வாக்கியத்தை இங்கிலீஷில் படிக்கிறார். எழுந்து போய்விடுகிறார். கல்யாணியம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. அறையில் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் தன் வக்கீலைப் பார்க்கிறாள். வக்கீல் திரும்பாமல் காகிதங்களை அடுக்குகிறார். மற்றவர் முகங்களைப் பார்க்கிறாள். கடைசியில் வக்கீல் திரும்புகிறார். அவர் வாய் திறக்குமுன் காட்சி முடிகிறது. வசனம் இல்லை, அழுகை இல்லை, பின்னணி இசை இல்லை.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். ஒரு நிமிஷத்துக்குக் குறையாது என்றார்.

முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அந்தக் காலத்துக் கொட்டகைகளில் சத்தம் நின்றால் கருவி பழுது என்று பொருள். தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் சீட்டியடிப்பார்கள். பெஞ்சுக்காரர்கள் பெஞ்சைத் தட்டுவார்கள். ஆபரேட்டர் பதறிப்போய்ப் படத்தை நிறுத்துவார். ஆகவே வாய் பேசாத இடங்களில் வீணையோ வயலினோ ஓடியே தீரும். பதிவு செய்ய ஒன்றுமே இல்லாத இடத்தில் நான் எதைப் பதிவு செய்வது என்று கேட்டேன்.

அவர் திருப்பிக் கேட்டார்: “முப்பது பேர் பேசாம இருக்கறதும், அங்கே ஆளே இல்லாம இருக்கறதும் ஒண்ணா ஸ்வாமி?”

பௌதிகம் படித்தவன் இதற்கு ‘ஒன்று’ என்று பதில் சொல்ல முடியாது.

அதன்பின் அவர் சொன்னதை நான் வேறெவரிடமும் சொன்னதில்லை. அவர் காலமாகிவிட்டதால் இப்போது சொல்லலாம். ஜூனியராக இருந்தபோது, பெரிய வக்கீல் வேறு கோர்ட்டுக்குப் போய்விட்ட ஒரு நாளில், இப்படியொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கிழவியிடம் இவர் திரும்பிச் சொல்ல வேண்டும். திரும்பினார், வாய் வரவில்லை. கிழவி இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “மதி மோனே” என்று எழுந்து போய்விட்டாளாம். போதும் மகனே என்று பொருள்.

“அவள் எழுந்திருக்கறதுக்கு முந்தி இருந்த சத்தம் எனக்கு வேணும். அது என் காதில் இருக்கு. உங்க மெஷினில் வரணும்,” என்றார்.

இனி வேலைமுறை. எங்கள் கருவி ஒலியை ஒளிக்கீற்றாக்கிப் பிலிமில் பதிக்கும். சத்தம் குறையும்போது அந்தக் கீற்றைத் தானாகவே சுருக்கிவிடும் ஓர் அமைப்பு அதில் உண்டு. பிலிமின் சொந்த இரைச்சல் கொட்டகையில் கேட்காமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் அது விழுங்கிவிடும். அதைத் தளர்த்தினால் இரைச்சல் எழும். தளர்த்தாவிட்டால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் இருந்தது. சோதனைப் பிலிம் சென்னைக்குப் போய்க் கழுவப்பட்டு ரயிலில் திரும்பி வரும்வரை காத்திருந்து, மறுபடி சோதித்து, அந்த இடத்தைக் கண்டேன். இது என் பங்கு. இதற்குமேல் எதையும் நான் உரிமை கொண்டாடவில்லை.

கூட்டத்துக்கு வழக்கமான துணை நடிகர்களை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோர்ட்டைச் சுற்றியிருந்த வக்கீல் குமாஸ்தாக்கள், வழக்கோடு வந்து போகிறவர்கள் என்று முப்பது பேருக்குமேல் பஸ்ஸில் அழைத்து வந்தார். அவர்களுக்குத்தான் அந்தப் பெஞ்சில் உட்காரத் தெரியும் என்றார்.

முற்பகல் ஷாட் தொடங்கியது. மணியடித்தேன். “சைலன்ஸ்” என்ற குரல் எழுந்தது. நீதிபதி படித்துவிட்டுப் போனார். நான் காதில் ஹெட்போன் குழல் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் விதிப்படி இருந்தும் ஏதோ சரியில்லை. ஷாட் முடிந்ததும் என் ஒலிபெருக்கி வழியாகச் சொன்னேன்: “சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஆட்கள் இல்லை.”

தளத்தில் சிரித்தார்கள். அச்சுதன்குட்டி சிரிக்கவில்லை. மேலே ஏறி வந்து குழலை வாங்கித் தாமே மாட்டிக்கொண்டு, மறுபடி மணியடிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “மணியடிச்சதும் எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்காங்க ஸ்வாமி. கோர்ட்டில யாரும் மூச்சைப் பிடிக்க மாட்டாங்க. இது பயந்தவங்க சத்தம். எனக்கு வேண்டியது காத்திருக்கிறவங்க சத்தம்.”

அவர் சொன்னது உண்மை. ஸ்டூடியோவில் கால் வைத்த எவனுக்கும் முதலில் சொல்லப்படுவது, மணியடித்தால் தும்மக்கூடாது, இருமக்கூடாது, அசையக்கூடாது என்பதுதான். அந்தப் பயத்தை வருஷக்கணக்காக வளர்த்தவன் நான். இப்போது மணியில்லாமல், சொல்லாமல், கருவியை ஓட்ட வேண்டும் என்றார். மணியில்லாமல் ஒரு ஷாட் எடுப்பது என் பகுதியில் அதுவரை நடந்ததில்லை. வாசலில் ஓர் ஆளை நிறுத்திக் கதவைத் திறக்கவிடாமல் பார்த்துக்கொள்வது என்ற நிபந்தனையோடு இசைந்தேன். ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காக ஆரம்பத்தில் அடிக்க வேண்டிய கிளாப் பலகையை, ஷாட்டின் கடைசியில் தலைகீழாகப் பிடித்து அடிப்பது என்று முடிவாயிற்று.

கூட்டத்தாரிடம் விளக்கு சரிசெய்கிறோம், சும்மா இருங்கள் என்று சொல்லப்பட்டது. விஷயம் தெரிந்தவர்கள் நீதிபதியும் வக்கீலும் பங்கஜாட்சியம்மாளும் மட்டுமே. அழவேண்டாமென்றால் நான் என்னதான் செய்வது என்று அந்த அம்மாள் காலையில் கேட்டிருந்தார். கேட்டுக்கொண்டிருங்கள் போதும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

கருவி ஓடியது. நீதிபதி படித்து முடித்து, கோப்பை மூடி, நாற்காலியைத் தள்ளி எழுந்து போனார். பிறகு குழலில் அது வந்தது. பெஞ்சுப் பலகை ஒன்று மெல்ல முனகியது. யாரோ மேல்வேஷ்டியை இழுத்துவிட்டுக் கொண்டார்கள். ஒரு கிழவர் தொண்டைக்குள்ளேயே இருமினார். அவற்றுக்கெல்லாம் அடியில், பெயர் சொல்ல முடியாத ஒன்று: பலபேர் மூச்சுவிடும் சத்தம். வக்கீல் காகிதம் அடுக்கினார். பங்கஜாட்சியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போது கூரைமேல் காக்கை ஒன்று ஒரே முறை கத்தியது. அந்த அம்மாள் தலையை உயர்த்தி மேலே பார்த்தார். தலை கீழே இறங்கியபோது அந்த முகம் வேறு முகமாக இருந்தது. வக்கீல் திரும்பினார். “கட்” என்றார் இயக்குநர், மிக மெதுவாக. பலகை தலைகீழாக அடிக்கப்பட்டது.

படம் எடுத்தாகிவிட்டது என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. “முந்தியே சொல்லியிருந்தா முண்டு வேட்டியை நல்லா உடுத்தியிருப்பேனே சாரே” என்று ஒரு குமாஸ்தா குறைப்பட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போல எல்லோரும் அண்ணாந்து என் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

காக்கை வேற்றுச் சத்தம். என் விதிப்படி என்.ஜி. சங்கரன் எங்கே என்று விசாரித்தேன். அவனை டீ குடிக்க அனுப்பியவர் இயக்குநரே என்று தெரிந்தது. ஒலிபெருக்கியில் கேட்டேன்: “அந்தக் காக்கை உங்கள் காட்சியைச் சேர்ந்ததா?”

“கோர்ட்டைச் சேர்ந்தது ஸ்வாமி,” என்றார் கீழே இருந்து.

வேண்டாத ஒலிதான் இரைச்சல். வேண்டுமென்று உரியவர் சொன்னபின் அது இரைச்சல் அல்ல. நான் பச்சை விளக்கைப் போட்டேன். இன்றும் போடுவேன்.

படம் கோக்கப்பட்டு, ஸ்டூடியோவின் சிறிய அறையில் ஒரு முற்பகல் போட்டுப் பார்க்கப்பட்டது. பெருமாள் பிள்ளை பின்சுவரை ஒட்டி நின்றார். கோர்ட்டுக் காட்சி முடிந்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த என் தோளருகே குனிந்து, “கேஸு ஜெயிச்சுதா தோத்துதா சாமி?” என்றார். நான் திரும்பினேன். பதில் சொல்ல வாய் எடுக்குமுன் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சொல்லாண்டாம். வெளங்கிட்டு,” என்று நிமிர்ந்துகொண்டார்.

விளக்குப் போட்ட பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்துப் போனார். தென்னை நிழலில் நின்று செல்லத்தைத் திறந்தார். எனக்கு வெளங்கிட்டு சாமி, டிக்கெட் எடுக்கிறவனுக்கு வெளங்கணுமே என்றார். அழுகைக்கென்றே அமர்த்திய அம்மாளை அழவிடாமல் படம் எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். சென்னையிலிருந்து அனுபவமுள்ள ஓர் இயக்குநரை வரவழைத்து அந்தக் காட்சியை அழுகையோடும் இசையோடும் மறுபடி எடுப்பதென்று பேச்சு முடிந்திருந்தது. ஒரு தடை. ஒப்பந்தப்படி, தொழில்நுட்பப் பழுது இருந்தால் ஒழிய, அச்சுதன்குட்டி எடுத்ததை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது. பழுது உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான்.

“சவுண்டு கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. பையன் மனசும் நோகாது, எனக்கும் காரியம் ஆகும்.”

கெடவில்லையே என்றேன்.

“காக்கா கத்தியிருக்கே. உங்க சட்டப்படியே அது என்.ஜி. தானே?”

அதற்குப் பதில் சொல்லுமுன் நான் யோசித்தது உண்மை. சென்னைக்காரர் உச்சக் காட்சியை எடுத்தால் அவர் பெயர்தான் முன்னால் வரும். முதல் படத்திலேயே பெயர் பாதியானவனுக்கு இரண்டாவது படம் யார் கொடுப்பார்கள்? அச்சுதன்குட்டி கோர்ட்டுக்கும் திரும்ப முடியாது. வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஆனால் அவர் பொருட்டு நான் அந்தப் பதிலைச் சொன்னேன் என்று யாரும் எண்ண வேண்டாம். முகம் பார்த்துச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கற்பித்தவர் சினேகிதர் முகத்துக்கு மட்டும் விலக்குத் தரவில்லை.

“இயக்குநர் வேண்டுமென்று சொன்னார். நான் ஓகே கொடுத்தேன். கொடுத்த ஓகேயைத் திரும்ப வாங்குவது என் வழக்கமில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள்.”

என் அறைக்கு அழைத்துச் சென்றேன். படத்தை விட்டுவிட்டு ஒலிப் பிலிமை மட்டும் ஓட்டினேன். உட்கார மாட்டேன் என்றார். நின்றபடியே காதில் குழலை மாட்டிவிட்டேன். அவர் தம்மை அறியாமலே தலையை ஒருபுறம் சாய்த்தார், கடையில் சாய்ப்பதுபோல. நீதிபதியின் நாற்காலிச் சத்தம் போயிற்று. அவர் கண்ணை மூடினார். முடியும்வரை அசையவில்லை. குழலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “ஆளு இருக்கு,” என்றார்.

பிறகு, “மொதல் ஆட்டம் பாப்போம். பொறவு மெட்ராஸ்காரருக்குச் சொல்லுகேன்,” என்று போய்விட்டார்.

முதல் ஆட்டம் பகல் காட்சி. ஆபரேட்டர் பதறி எதையும் திருகிவிடக் கூடாதே என்று, ஆரம்பிக்குமுன் நான் அவர் அறைக்கு ஏறிப்போய், இன்ன ரீலில் இன்ன இடத்தில் சத்தம் மெலியும், தொடாதீர்கள் என்றேன்.

“முதலாளி நேத்தே சொல்லியாச்சு ஸ்வாமி,” என்றார் அவர். “அவிடெ சவுண்டு டேமேஜ் அல்லே?” அங்கே சவுண்டு பழுதுதானே என்று பொருள்.

டேமேஜ் ஒன்றும் இல்லை என்று அழுத்திச் சொன்னேன். “என்னவானாலும் நான் தொடமாட்டேன், போதுமா?” என்றார். அதற்குமேல் வாதிட நேரமில்லை, மணியடித்துவிட்டது.

நாற்காலி வகுப்பில் உட்கார்ந்தேன். கோர்ட்டுக் காட்சி வந்தது. நீதிபதி எழுந்து போனார். சத்தம் மெலிந்ததும் தரை வகுப்பில் ஒரு சீட்டி கிளம்பியது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. பெஞ்சில் ஒருவன் தட்ட ஆரம்பித்தான். திரையில் கிழவர் இருமினார். பெஞ்சுக்காரன் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்து, “மிண்டாதிரி”, சத்தம் போடாதே என்று அதட்டினான். இருமியது அவனென்று நினைத்துவிட்டான் போலும். அத்துடன் கொட்டகை அடங்கியது. திரையில் இருந்தவர்களின் மூச்சும் கொட்டகையில் இருந்தவர்களின் மூச்சும் எது எதுவென்று, கருவியை அறிந்த எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் திரும்பி, பின்னால் நாற்காலிகளில் இருந்த எங்களைப் பார்த்தார். இன்னொருவர் திரும்பினார். பிறகு வரிசையாகப் பல தலைகள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. தீர்ப்பு என்னவென்று எங்கள் முகத்தில் தேடினார்கள். திரையில் அந்த அம்மாள் செய்துகொண்டிருந்ததையே செய்தார்கள். நாற்காலியில் இருந்த நாங்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், பட்டதாரிகள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. காக்கை கத்தியது. கொட்டகை முழுவதும் மேலே பார்த்தது.

எத்தனையோ படங்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் இயக்குநர் தமக்கு வேண்டியதை ஒரு கொட்டகை முழுவதையும் செய்ய வைத்ததை நான் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். அது அவருடைய முதல் படம்.

அச்சுதன்குட்டி உள்ளே உட்காரவில்லை. பக்கக் கதவருகே நின்று, திரைக்கு முதுகைக் காட்டியபடி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது திருப்திதானே என்று கேட்டேன். “காக்கை கொஞ்சம் உரக்கக் கேட்டுதோ ஸ்வாமி?” என்றார். இல்லை, சரியான அளவு என்றேன். தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

சென்னைக்காரர் வரவில்லை. ‘நடுமுற்றம்’ எடுத்தபடியே ஓடியது. ஆபரேட்டரிடம் பழுது என்று ஏன் சொன்னீர்கள் என்று பெருமாள் பிள்ளையிடம் நேரிலேயே கேட்டேன். அவர் செல்லத்தைத் திறக்கவில்லை, சிரித்தார். “பழுதுன்னு சொல்லி வித்த சரக்கை எவனும் திருப்பிக் கொண்டாற மாட்டான் சாமி. எல்லாக் கொட்டகைக்காரங்கிட்டயும் சொல்லிவிட்டேன்.” ஓடிவிட்டதே, இனி மாற்றிச் சொல்லலாமே என்றேன். ஜனங்களுக்கு அந்தக் கதை பிடித்துப்போய்விட்டது, இருக்கட்டும் என்றார். அவருடைய வியாபாரத்தில் அது நியாயம். என் தொழிலில் அல்ல.

அச்சுதன்குட்டியும் மறுத்துப் பேசியதில்லை. பின்னால் அவர் வேறு படங்கள் எடுத்தார், எல்லாம் கௌரவமானவை. அவரிடம் நான் இதைப் பற்றி முறையிட்டபோது, “அதிர்ஷ்டம்னு சொன்னா யாருக்கும் பொறாமை வராது ஸ்வாமி, விடுங்க,” என்றார். அவர் தமது பெருமையை விட்டுக்கொடுக்கலாம், அது அவருடையது. என் கருவியின் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த இளைஞர்களில் ஒருவர், பழுது இல்லையென்றால் அந்த மௌனம் உங்கள் யோசனையாகத்தான் இருக்கும் சார் என்றார். மரியாதைக்காகச் சொன்னார். அதுவும் தவறு.

‘நடுமுற்றம்’ படத்தின் ஒலிப்பதிவில் பழுது ஏதும் இல்லை. அந்த இடத்தில் ஒலி நின்றுபோகவில்லை, ஒலி இருக்கிறது. அதைக் கேட்டவர் அச்சுதன்குட்டி. பதிவு செய்தவன் நான்.